கூட்டத்தை வீடியோ எடுத்தோம், யாருக்கும் போய்ச் சேரவில்லை: புகார் வாரியாகப் பிழை நீக்கம்

கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்திருக்கும். வராதவர்களும் பார்க்கட்டும் என்று வீடியோ எடுத்து, மறுநாள் இணைப்பையும் அனுப்பியிருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரும்: "ஒண்ணும் புரியல", "பாதியில நிக்குது", "எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல". இப்படி வரும் புகார்களையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ நேராக அங்கே போய்விடலாம். ஒலியைப் பற்றிய பகுதி மட்டும் நீளமாக இருக்கும். எனக்கு வந்த வசவுகளில் பெரும்பகுதி காதின் பெயரால் வந்தவைதான்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பதிவு ஓடும்போது யாராவது ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டார்களா? கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் அரங்கத்தைத் தன் காதால் கேட்கிறார். மின்விசிறியின் இரைச்சல், நாற்காலி இழுபடும் ஓசை எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பிடித்துக்கொள்ள மூளைக்குத் தெரியும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மைக் கேட்டதுதான் கேட்கும். கேமராவில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால், கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, வெளியே போய்ப் போட்டுக் கேளுங்கள்.

"சத்தம் வருது, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல"

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறதா? மைக் தூரத்தில் இருக்கிறது. கேமராவோடு வரும் மைக்கையே நம்பி, கேமராவை அரங்கின் கடைசியில் நிறுத்தியிருப்பீர்கள்.

தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. 20 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய மைக் 6.4 மீட்டரில் இருந்தால் ஐந்து முறை இரட்டித்தாயிற்று. 30 டெசிபெல் போய்விட்டது. ஆனால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அரங்கம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அதனால் தூரம் போகப் போகக் குரல் தேய்கிறது, எதிரொலி அப்படியே நிற்கிறது. எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் மின்விசிறி போன்ற சீரான ஓசையை ஓரளவு எடுத்துவிடும். எதிரொலியை எடுக்கச் சொன்னால் குரலையும் சேர்த்துக் கடித்துத் தகர டப்பா போல ஆக்கிவிடும்.

ஆகவே மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் தீர்வு. ஒருவரே பேசும் கூட்டத்துக்குக் காலர் மைக் போதும். மார்பின் நடுவில், தாவாங்கட்டைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். வயர்லெஸ் கருவி இல்லையென்றால் பேச்சாளர் பையில் ஒரு கைப்பேசியை வைத்து, அதில் கம்பியுள்ள காலர் மைக்கைச் செருகிப் பதிவை ஓடவிடுங்கள். அதை ஏரோபிளேன் நிலையில் வைக்க மறக்க வேண்டாம். பேச்சின் நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டினால் பிறகு கேமராப் பதிவையும் கைப்பேசிப் பதிவையும் பொருத்துவது எளிது.

"கரகரன்னு கிழியுது"

அரங்கில் ஒலிபெருக்கி இருந்தால் அதன் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்குகளின் ஒலியும் வந்து சேரும் பெட்டி) கம்பி எடுத்துக் கேமராவில் செருகுவது நல்ல யோசனைதான். ஆனால் மிக்ஸர் தருவது லைன் அளவு எனப்படும் வலுவான சிக்னல். கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பது மைக் அளவு எனப்படும் மெல்லிய சிக்னல். இரண்டுக்கும் இடையே 40 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம், அதாவது மின்னழுத்தத்தில் 100 மடங்கும் அதற்கு மேலும். கேமராவில் ஒலி அளவை எவ்வளவு குறைத்தாலும் உள்ளே நுழையும் இடத்திலேயே அலை நசுங்கிவிடும். மீட்டர் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், குரல் கிழிந்திருக்கும். கேமராவில் லைன், மைக் என்று மாற்றும் வசதி இருந்தால் லைனுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்று வேண்டும்.

அளவு சரியானபின், சாதாரணப் பேச்சு மீட்டரில் −12 டெசிபெல்லுக்குப் பக்கத்தில் வந்துபோகட்டும். கைதட்டலும் சிரிப்பும் 0வைத் தொடக்கூடாது. தொட்டுக் கிழிந்ததை ஒட்டுப்போட முடியாது, குறைந்த ஒலியில் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். அதனால் எப்போதும் குறைத்தே வையுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. மிக்ஸரின் மெயின் அவுட், அதாவது ஒலிபெருக்கிகளுக்குப் போகும் வெளியீடு, அரங்கத்துக்காகச் சமைக்கப்பட்டது. உரக்கப் பேசுபவருக்கு ஒலிபெருக்கி அதிகம் தேவையில்லை என்று ஆபரேட்டர் அவர் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) இறக்கி வைத்திருப்பார். அரங்கில் அது சரி, உங்கள் பதிவில் அந்த மனிதர் முணுமுணுப்பார். மிக்ஸரின் துணை வெளியீடுகளான ஆக்ஸ் அவுட்டில் ஒன்றை, ஃபேடருக்கு முந்தைய நிலையில், பதிவுக்கென்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஆபரேட்டரிடம் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய்க் கேளுங்கள். நடுவில் போய்க் கேட்டால் எந்த ஆபரேட்டரும் எரிந்துதான் விழுவார்.

"ம்ம்ம்னு ஒரு ஓசை பின்னாலயே ஓடுது"

மின்சார அலைவெண்ணின் ஓசை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். மிக்ஸர் ஒரு பிளக்கிலும் உங்கள் கேமராவோ லேப்டாப்போ வேறொரு பிளக்கிலும் இருக்கும்போது இரண்டின் தரை இணைப்புகளும் ஆடியோ கம்பி வழியாக ஒரு வளையமாகிவிடுகின்றன. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஓசை நின்றால் இதுதான் காரணம். எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை ஒரே பிளக் பலகையிலிருந்து எடுங்கள். முடியாவிட்டால் ஒலியைக் கடத்திவிட்டு அந்த வளையத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் அல்லது ஐசொலேட்டரை, நடுவில் போடுங்கள். பிளக்கின் தரை முள்ளை ஒடித்துவிட்டு "இப்ப சரியாயிடுச்சு" என்று காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓசை நிற்கும்; கோளாறு ஏற்பட்டால் மைக்கைப் பிடித்தவர் உடம்பில் மின்சாரம் பாயும். அந்த வேலை வேண்டாம்.

"பதில் மட்டும் இருக்கு, கேள்வி எங்க?"

என்னை அதிகம் உறுத்திய புகார் இதுதான். ஒரு குடியிருப்போர் கூட்டம். மேடையில் இரண்டு மைக், அரங்கில் ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று நெடுநேரம் பேசினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதிவில் அந்த நேரம் முழுக்க மேடையில் இருப்பவர் தலையாட்டுகிறார், ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், பிறகு "அதை அடுத்த மாசம் பாத்துடலாம்மா" என்கிறார். எதை? வீடியோவைப் பார்த்த ஒருவருக்கும் தெரியாது. அந்த அம்மா கேட்டதுதான் அன்றைய கூட்டத்தின் முக்கியமான விஷயம்.

இரண்டு ஏற்பாடு செய்யலாம். ஒரு கார்ட்லெஸ் மைக்கைக் கையில் கொடுத்து, வரிசைகளுக்கு நடுவே நடக்க ஒருவரை நிறுத்துங்கள். "மைக் வந்த பிறகு பேசுங்க, வெளியில பாக்குறவங்களுக்கும் கேக்கணும்" என்று தலைவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடமும் பணிவாக நீட்டத்தான் வேண்டும். மைக்கை நடப்பவரே பிடித்துக்கொள்வது உத்தமம். கையில் கொடுத்தால் திரும்பி வராது.

மைக்கே கிடைக்காவிட்டால், பதில் சொல்பவர் கேள்வியை ஒரு வரியில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்கட்டும். இதைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடை மேசையில் ஒட்டுங்கள். சொல்லி வைத்தால் மூன்றாவது கேள்வியிலேயே மறந்துவிடுவார்கள்.

கையில் இருப்பது முடிந்துபோன பழைய பதிவா? கேள்வி கேட்டவரைத் தேடிப்பிடித்து, என்ன கேட்டீர்கள் என்று உறுதி செய்துகொண்டு, அந்த இடத்தில் திரையில் எழுத்தாகப் போடுங்கள்.

"வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்"

ஒலியைத் தனிக் கருவியில் பதிந்து சேர்த்தீர்களா? தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவில் விலகியிருந்தால் பிரச்சினை இல்லை. தொடக்கத்தில் கேமரா முன்னால் கை தட்டிய இடத்தை வைத்து நகர்த்திவிடலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, கேமராவின் கடிகாரமும் ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரமும் வேறு வேறு. 10 லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி ஆகிறது. சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 வரை கண்டுபிடிப்பதில்லை. பதிவின் முடிவிலும் ஒருமுறை கை தட்டி வையுங்கள். இரண்டு தட்டல்களும் பொருந்தும்படி ஒலியை இழுத்துக்கொள்ளலாம், அல்லது யாரும் பேசாத இடங்களில் வெட்டிச் சிறிது சிறிதாக நகர்த்தலாம்.

இரண்டாவது, கைப்பேசியில் எடுத்த வீடியோ. கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றிக்கொண்டே இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இதில் தடுமாறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

"முகமே தெரியல", "திரை வெள்ளையா இருக்கு", "லைட் படபடக்குது"

மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஏனென்றால் மூன்றிலும் குற்றவாளி ஒருவர்தான்: கேமராவின் ஆட்டோ அமைப்பு.

பேச்சாளருக்குப் பின்னால் ஜன்னலோ புரொஜெக்டர் திரையோ இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிக்கொள்ளும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மேனுவலில் வைத்து, முகத்துக்குச் சரிசெய்து பூட்டுங்கள். கைப்பேசியில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைடு மாறும்போதெல்லாம் பேச்சாளர் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டிருப்பார். முகத்துக்குச் சரியாக வைத்தால் திரை வெளுத்துத்தான் போகும். அதற்காக வருந்த வேண்டாம். ஸ்லைடு கோப்பைப் பேச்சாளரிடமே வாங்கி எடிட்டிங்கில் செருகுங்கள். திரையைப் படமெடுத்து யாரும் படித்ததில்லை.

படபடப்புக்குக் காரணம் ஆட்டோ தேர்ந்தெடுக்கும் ஷட்டர் வேகம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அங்கே ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120. சில எல்இடி விளக்குகளை டிம்மரில் குறைத்து வைத்திருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. முழு வெளிச்சத்தில் எரியவிடச் சொல்லுங்கள்.

"பாதியில நின்னு போச்சு"

சரியாக 29 நிமிடம் 59 விநாடியில் நின்றிருந்தால் கேமரா கெட்டுப்போகவில்லை. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் சுங்க வரி விதித்துவந்தது. அதைத் தவிர்க்கப் பல தயாரிப்பாளர்கள் புகைப்படக் கேமராக்களுக்கு இந்த வரம்பை வைத்தார்கள். புதிய மாடல்கள் பலவற்றில் இது இல்லை. உங்கள் கேமராவில் இருந்தால், 25 நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சின் இடைவெளியில் நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள்.

11 நிமிடம் போல ஓடி முடிந்துவிட்டதா? 32 ஜிபிக்கு உட்பட்ட கார்டுகளில் கோப்புகளைச் சேமிக்கும் ஃபேட்32 என்ற முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 50 மெகாபிட் தரத்தில் 11 நிமிடத்தில் அந்த அளவு வந்துவிடும். பெரும்பாலான கேமராக்கள் நிற்காமல் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். நீங்கள் முதல் கோப்பை மட்டும் நகலெடுத்திருப்பீர்கள். கார்டை அழிப்பதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். அதே தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி தேவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மின்சாரம் போய் நின்றதென்றால் கோப்பு இருக்கும், திறக்காது. எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பொதுவாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். கார்டை ஃபார்மட் செய்யாமல் அதே கேமராவில் போட்டுப் பாருங்கள். சில கேமராக்கள் "சரிசெய்யவா?" என்று தாமே கேட்கும். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் உடைந்ததைப் பல நேரம் மீட்டுவிடும். ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு, லைவ் மென்பொருளில் பதிபவர்கள் எம்கேவி என்ற கோப்பு வடிவத்தில் பதிந்து, முடிந்ததும் அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொண்டால் இந்த ஆபத்தே இல்லை.

"லைவ் சுத்திக்கிட்டே இருக்கு"

ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் காரணமாக விடுபட்ட ஃபிரேம்கள் ஏறினால் இணையம் போதவில்லை. என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலை) தாமதம் ஏறினால் கணினி போதவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு இணைய நிறுவனத்தைத் திட்டி நேரத்தை வீணாக்கியவன் நான். கடைசியில் பார்த்தால் லேப்டாப் பேட்டரி சேமிப்பு நிலையில் ஓடிக்கொண்டிருந்தது.

இணையம்தான் என்றால், அப்லோட் வேகத்தைப் பாருங்கள், டவுன்லோட் வேகம் இங்கே உதவாது. ஆள் நிறைந்த பிறகு சோதியுங்கள். காலி அரங்கில் பறந்த மொபைல் டேட்டா, 200 கைப்பேசிகள் வந்தபின் தவழும். அனுப்பும் பிட்ரேட்டைப் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) போல இரண்டு மடங்கு அப்லோட் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு 720பி தாராளமாகப் போதும். பிட்ரேட்டை விநாடிக்கு 3 மெகாபிட்டில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி செலவாகும். ஓபிஎஸ் அமைப்பில் கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 விநாடி. அரங்கில் கம்பி இணைப்பு இருந்தால் வைஃபையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். லைவ் போனாலும் கேமராவில் தனியாகப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

யூடியூபில் முதன்முறை லைவ் போகிறவர்கள், அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதை அன்று காலையில் கண்டுபிடிக்கக்கூடாது. கைப்பேசிச் செயலியிலிருந்து லைவ் போகக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியிலிருந்து போனால் அந்த நிபந்தனை இல்லை. கூட்டம் தொடங்கும்வரை அரங்கில் சினிமாப் பாட்டு ஓடினால் லைவின் ஒலியை நிறுத்தி வையுங்கள். பதிப்புரிமைப் புகாரில் ஒளிபரப்பே தடைப்படலாம்.

"நான் பேசுறது எனக்கே திரும்பி வருது"

ஆன்லைனில் சேர்ந்தவர்கள் சொல்வது. அப்படி ஒருவர் பேசினால் அவர் குரல் கணினி வழியாக மிக்ஸருக்குள் வருகிறது, மிக்ஸரிலிருந்து எல்லாக் குரலும் கணினிக்குப் போகிறது, அதில் அவர் குரலும் சேர்ந்து அவரிடமே திரும்புகிறது. மிக்ஸரிலிருந்து கணினிக்கு ஒரு ஆக்ஸ் (துணை வெளியீடு) அனுப்புங்கள். அதில் கணினியின் சேனலை மட்டும் முழுக்க இறக்கிவிடுங்கள். இதை மிக்ஸ் மைனஸ் என்பார்கள். அரங்கில் இருந்துகொண்டே கைப்பேசியிலும் சேர்ந்திருக்கும் ஆர்வலர் யாராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள். பல நேரம் அவர்தான் காரணம்.

"என்னைக் கேக்காம ஏன் போட்டீங்க?"

இந்தப் புகாரை வாதாடி வெல்ல நினைக்காதீர்கள். உடனே வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றி, அந்த இடத்தை மங்கலாக்கிவிட்டுத் திரும்பத் திறங்கள். யூடியூபின் எடிட்டரிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. அடுத்த முறைக்கு: வாசலில் அறிவிப்பு, கேமராவில் விழாத நாற்காலிப் பகுதி ஒன்று, தொடக்கத்தில் வாய்மொழியாகவும் ஒரு வார்த்தை. குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். கேமராவுக்குப் பயந்து ஒருவர் பேசாமல் போனால், வெளியே எத்தனை பேர் பார்த்தும் கூட்டத்துக்கு நஷ்டம்தான்.

"எல்லாம் சரி, யாரும் பாக்கல"

படமும் ஒலியும் தேறியபின் மிஞ்சும் புகார். நீங்களே வெளி ஆள் போல அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். தலைப்பு "மாதாந்திரக் கூட்டம் - 3". முதல் 11 நிமிடம் காலி நாற்காலிகள், "மைக் டெஸ்ட்டிங்", வரவேற்புரை. உங்களுக்கு வேண்டியது குடிநீர்க் குழாய் பற்றிய முடிவு. அது இரண்டு மணி நேரத்தில் எங்கே இருக்கிறது?

முதலில் முன்பகுதியை வெட்டுங்கள். யூடியூபின் எடிட்டரிலேயே வெட்டினால் இணைப்பு மாறாது. ஏற்கெனவே அனுப்பியவர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. தலைப்பில் கூட்டத்தின் எண்ணைவிட அங்கே எடுத்த முடிவு முன்னால் நிற்கட்டும். விளக்கப் பெட்டியில் நேரக் குறிப்புகளைப் போடுங்கள்: முதல் குறிப்பு 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் அத்தியாயங்கள் தெரியாது. "குறிப்பு போட்டும் வரல" என்பவர்களில் பெரும்பாலோர் 00:00வை விட்டவர்கள். நிகழ்ச்சி நிரலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்து, அதை அப்படியே வெட்டி ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும், தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

வசன எழுத்து கட்டாயம் வேண்டும். காது கேளாதவர்களுக்கு மட்டுமில்லை, பேருந்தில் ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்கும் அதுதான் வழி. தானியங்கி எழுத்து ஆட்களின் பெயரையும் தெருப் பெயரையும் கொலை செய்யும். அவற்றையாவது கையால் திருத்துங்கள். வசன எழுத்துகளைச் சேமிக்கும் எஸ்ஆர்டி கோப்பில் தமிழ் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கவில்லை என்று அர்த்தம். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவருக்கென்று ஒரு கேமரா நிறுத்துங்கள், இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை, கைகள் எந்தப் பக்கம் நீண்டாலும் படத்துக்குள் இருக்கும்படி. அவர் சைகையில் பேசும்போது பார்வையாளர்களைக் காட்டுகிறேன் என்று வெட்டினால், பார்ப்பவருக்கு அது வாக்கியத்தின் நடுவில் ஒலியை நிறுத்தியது போலத்தான்.

இரண்டு மணி நேரத்தை முழுக்கப் பார்ப்பவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். ஒரு கேள்வி, அதன் பதில், அவ்வளவையும் ஒரு துண்டாக வெட்டி, செங்குத்து வடிவில், வசன எழுத்தைப் படத்திலேயே பதித்து அனுப்புங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை இடமுண்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். தரம் முக்கியமென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு ஒலியை மட்டும் பிரித்து, மோனோவில் (ஒற்றைத் தட ஒலி) விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் கொடுத்தால் ஒரு மணி நேரக் கூட்டம் 29 எம்பிக்குள் அடங்கிவிடும். சமைத்துக்கொண்டே கேட்டேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிரிக்கும்போது, "இதோ இங்கே பாருங்கள்" என்று பேச்சாளர் திரையைக் காட்டிய இடங்களில் மட்டும் என்ன காட்டினார் என்று உங்கள் குரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.